தண்ணி லாரிக்காரி பயப்படவில்லை, அண்ணி

என் பக்கத்து நாற்காலி அண்ணிக்கு,

"வசந்தா, அவ கைய பாத்தியா?" என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். ஆவடிக் கொட்டகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில், படம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தபோது. அன்று நான் சொன்ன பதில் தவறு. ஒன்பது வருடம் கழித்து, நேற்றுத்தான் எனக்குச் சரியான பதில் தெரிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சொல்லலாம் என்றால் நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். ஊருக்குத் தெரியும்படி ஏன் எழுதுகிறாய் என்பீர்கள். உங்களைக் கேலி செய்தபோது பத்துப் பேர் முன்னால்தானே செய்தேன்? திருத்துவதையும் நாலு பேர் பார்க்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. சென்ற மே மாதத்தோடு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த வாய் இப்போது வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அண்ணனுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது. காலையில் கோவில்பதாகை வரை நடக்கிறார். உங்கள் அம்மா வீட்டுத் தெருமுனை வந்ததும் திரும்பிவிடுகிறார். ஏன் அண்ணா உள்ளே போகவில்லை என்று நானும் கேட்பதில்லை.

கொஞ்சம் பொறுங்கள், படிக்கிறவர்களுக்கு நம் கதையைச் சொல்லிவிடுகிறேன். இவர் சரோஜா, என் அண்ணனின் மனைவி. கோவில்பதாகையில் நெல் விளைவித்த குடும்பத்துப் பெண். திருச்சிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த அண்ணனைக் கட்டிக்கொண்டு குடியிருப்புக்கு வந்தவர். எனக்கு ஆவடியில் பள்ளி வேலை கிடைத்ததும் நானும் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அண்ணி ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முதலில் மெஷினில் தைத்தார், பிறகு செக்கிங்குக்குப் போட்டார்கள். நாள் முழுக்கச் சட்டை சட்டையாகத் திருப்பிப் பார்த்து, எங்கே ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் கண்.

ஞாயிறு காலையில் அண்ணன் கறி வாங்கிவந்து தானே சமைப்பார். அதுவரை நாங்கள் இருவரும் காலைக் காட்சி இங்கிலீஷ் படத்துக்குப் போய்விடுவோம். அப்படித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அந்தப் படத்துக்குப் போனோம். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. ஆவடி முழுக்கத் 'தண்ணி லாரி படம்' என்றே பெயராகிவிட்டது.

நினைவிருக்கிறதா அண்ணி? வானத்தில் தண்ணீர் சுமந்து போகும் ஒரு பெரிய கப்பல். வறண்டுபோன தூரத்துக் கிரகங்களில் சுரங்கம் வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. அந்தக் கோடையில் நம் குடியிருப்புக்கு வாரம் மூன்று நாள்தான் லாரி வந்தது. கப்பல் திரையில் வந்து நின்றதும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "மாமே, இந்த லாரிய நம்ம தெருவாண்ட வுடச் சொல்லு" என்றது. "நான் கொடத்த வெச்சிட்டுதான் வந்துகீறேன், நீ குந்து" என்று இன்னொரு குரல். கொட்டகையே சிரித்தது.

அந்தக் கப்பலின் மெக்கானிக் ரூத் என்ற பெண். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க அவள் கருவியை நம்பமாட்டாள். ஸ்பேனரால் தட்டிக் காது வைத்துக் கேட்பாள். "இவ நம்மாளு" என்றீர்கள். அந்தக் கப்பலுக்கு ஒரு சட்டம் இருந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை கப்பலைத் திருப்பக் கூடாது. வழியில் என்ன வந்தாலும் ரூத் திருப்பமாட்டாள். படம் முடிந்து வெளியே வரும்போது உங்கள் நடையே கொஞ்சம் மாறியிருந்தது.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் அண்ணி. அவர்கள் பேசியதில் பாதி எனக்கும் புரியவில்லை. பாடப்புத்தக இங்கிலீஷ் வேறு, மூக்கால் பேசுகிற இங்கிலீஷ் வேறு. புரியாத இடத்தில் முகத்தைப் பார்த்து நானாக ஏதாவது சொல்வேன். 'தெரியவில்லை' என்று சொல்ல டீச்சருக்கு வாய் வராது. வகுப்பில் பழகிய வாய்.

அடுத்து இரண்டாவது படம் வந்தது. ஐந்தாறு வருடம் காத்திருந்துவிட்டு, முதல் ஞாயிறே போனோம். ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. நாய் மாதிரி குரைக்கும் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து சிரிக்கவைக்கப் பார்த்தார்கள். காரணமில்லாமல் சுட்டுக்கொண்டார்கள். இடைவேளையில் முறுக்கு வாங்கும்போதே, "இன்னாம்மா இது, லாரி மாதிரியே இல்லியே, தீவாளி மாதிரி கீது" என்றீர்கள்.

இடைவேளைக்குப் பிறகு அது நடந்தது. தண்ணீர் இல்லாமல் ஒரு கிரகத்து மக்கள் பாத்திரங்களோடு வாசலில் நிற்கிறார்கள். கப்பல் நெருங்குகிறது. ரூத் சிரித்தபடி நெம்புகோலில் கை வைக்கிறாள். திரை ஒரு வெட்டு வெட்டியது. அடுத்த காட்சியில் கப்பல் திரும்பி வந்த வழியே போகிறது. தொட்டி நிறையத் தண்ணீர். வாசலில் வெறும் பாத்திரங்கள். கொட்டகை ஊளையிட்டது. "ஏய், தண்ணிய எங்க இட்னு போறே?" என்று ஒருவர் எழுந்து நின்றே கத்தினார்.

"ஏம்மா திருப்பிட்டா?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. ரூத் ஏதோ பேசினாள், எனக்குப் பிடிபடவில்லை. "பயந்துட்டா அண்ணி" என்றேன்.

அப்போதுதான் என் முழங்கையை அழுத்தி, கையைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். "மொதல்ல நல்லா இருந்த சட்டக் கை இப்போ கிழிஞ்சி தெச்சிகீது. ரெட்டத் தையலு. கைல தெச்சது. அத்த தெய்க்கவே கால் மணி ஆவும். பயந்தவ குந்திகினு கை தெப்பாளா? எங்கியோ ஒரு துண்டு வுட்டுப் போச்சிம்மா."

நான் திரையைப் பார்த்தேன். எனக்கு ஒரு தையலும் தெரியவில்லை. "படம் எடுக்கறவன் கவனிச்சிருக்க மாட்டான் அண்ணி. ரெண்டாவது பாகம்னா இப்படித்தான், அவசரத்துல எடுப்பாங்க" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் உஸ் என்றார்கள். நீங்கள் என் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டீர்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அன்று மத்தியானம் அண்ணனின் ஷிஃப்ட் நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அதைக் கதையாக எடுத்துவிட்டேன். "அண்ணி விண்வெளிக்கே செக்கிங் போயிட்டாங்க, ஒரு பீஸ் ரிஜெக்ட்" என்றேன். அண்ணன், "அமெரிக்காக்காரனுக்கு ஒரு கார்டு போடு சரோஜா, தையல் சரியில்லன்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தபடி குழம்பு ஊற்றினீர்கள்.

பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னீர்கள். "நாளிக்கு சாயங்காலம் இன்னொரு வாட்டி போலாம்மா. ரெண்டு பேரும் உன்னிப்பா பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

நான் விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். இரண்டாம் முறை பார்க்கிற மாதிரியா அந்தப் படம் இருந்தது என்றும் கேட்டேன்.

"சரிம்மா. நீ டீச்சரு. நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்."

வியாழக்கிழமை படத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நாம் எத்தனையோ படத்துக்குப் போனோம். ஆனால் நீங்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் காதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவீர்கள், அவ்வளவுதான். என் பக்கத்து நாற்காலி ஆள் உட்கார்ந்தும் காலியாக இருந்த மாதிரி. அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

என் வகுப்பில் ஒரு பெண் வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துவிட்டு நூற்றிரண்டு காட்டுகிறது டீச்சர் என்று சொன்னால், உனக்குக் கண் சரியில்லை என்று நான் சொன்னதே கிடையாது. "இன்னொரு முறை வைத்துப் பார், நானும் வருகிறேன்" என்பேன். ஒரு முறை அப்படி நானும் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. வெப்பமானிதான் பழுது. பள்ளியில் ஒரு சிறுமிக்குக் கொடுத்த அந்த மரியாதையை வீட்டில் உங்களுக்கு ஏன் கொடுக்காமல் போனேன்? உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதாலா? பார்ப்பதற்கு இங்கிலீஷ் எதற்கு?

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டீர்கள். "தண்ணி லாரி படம் மூணாவது ஒண்ணு வந்தா என்ன இட்டுகினு போறியா?"

"அந்தக் குப்பைக்கா அண்ணி?" என்றேன். உங்களைச் சிரிக்கவைப்பதாக நினைப்பு.

"குப்ப இல்லம்மா. அவ அப்டி செய்ய மாட்டா" என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டீர்கள். கிண்ணத்தில் பாதிக் கஞ்சி அப்படியே இருந்தது.

மூன்றாவது படம் வந்துவிட்டது அண்ணி.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் சுவரொட்டியைப் பார்த்தேன். ரூத்தின் தலை நரைத்திருந்தது. அடியில், தமிழில் பேசும் படம் என்று பெரிய எழுத்து. இப்போதெல்லாம் இங்கிலீஷ் படங்களைத் தமிழ் பேசவைத்தே கொண்டுவருகிறார்கள். நான் உங்கள் காதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்திருக்காது. எல்லாவற்றையும் நீங்களே கேட்டிருப்பீர்கள். நின்ற இடத்திலேயே இரண்டு பேருந்தை விட்டுவிட்டேன்.

நேற்று காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். அதே கொட்டகை, நாற்காலி மட்டும் புதிது. பெரிய நம்பிக்கையோடு போகவில்லை. இரண்டாவது படத்தின் நாய் இந்தப் படத்திலும் குரைக்குமோ என்ற பயம்தான் இருந்தது.

நாய் இல்லை. ஒரு துப்பாக்கிகூட இல்லை. படம் ஒரு விசாரணை மன்றத்தில் தொடங்குகிறது. நரைத்த ரூத் தலை குனிந்து நிற்கிறாள். அன்றைக்குத் தண்ணீரோடு ஏன் திரும்பினாய் என்று கேட்கிறார்கள். பத்து நிமிடம் பழைய காட்சி ஓடியது. நெம்புகோலில் கை வைத்தவள் நின்று, தொட்டியைத் தட்டிப் பார்க்கிறாள். சத்தம் சரியில்லை. உள்ளே இறங்குகிறாள். தொட்டியின் உட்பூச்சு உரிந்து தண்ணீரெல்லாம் நஞ்சாகியிருக்கிறது. ஏறி வரும்போது ஆணியில் சட்டைக் கை கிழிகிறது. கதவைத் திறந்து மக்களிடம் சொல்லலாம் என்றால், தாகத்தில் நம்பாமல் தொட்டிமேல் பாய்ந்துவிடுவார்கள். வானொலியும் வேலை செய்யவில்லை. கூட இருந்தவன் அவள் சட்டைக் கையைப் பிடித்து, இரட்டைத் தையலாகத் தைக்கிறான். அவள் அழுகிறாள், அவன் தைக்கிறான். தைத்து முடித்ததும் அவளே கப்பலைத் திருப்புகிறாள். குடித்தால் சாவார்கள், கொடுக்காவிட்டால் தன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும் என்று திருப்புகிறாள்.

நான் 'அண்ணி' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்திலிருந்த பெண், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? தண்ணி வோணுமா?" என்று பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

மீதிப் படத்தை எப்படிச் சொல்வேன்? அந்தக் கிரகத்தில் மறுபடியும் வறட்சி. ரூத் பழைய கப்பலில் நல்ல தண்ணீர் கொண்டுபோகிறாள். அந்த மக்கள் வாசலைத் திறக்கவில்லை. அவள் கையால் ஒரு சொட்டு வேண்டாம் என்கிறார்கள். அவள் வாதாடவில்லை. தினமும் காலையில் வாசலுக்கு முன்னால் ஒரு குவளை நிரப்பி, அவர்கள் பார்க்கத் தானே குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாதிப் படம் இவ்வளவுதான். நம் ஊர் ஜனம் பொறுமையிழக்கும் என்று நினைத்தேன். ஒரு விசில் இல்லை. முன்வரிசையில் ஒருவர் மட்டும் கெஞ்சுகிற மாதிரி, "குட்ச்சிப் பாருங்கப்பா, நல்ல தண்ணிதான்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் ஒரு பெண் வெளியே வந்து குவளையை நீட்டுகிறாள். அவள் முதல் மடக்கை விழுங்கும்வரை கொட்டகை மூச்சு விடவில்லை.

முதல் படத்தில் இருந்தது எல்லாம் இதில் திரும்பி வந்துவிட்டது அண்ணி. தொட்டியைத் தட்டும் அந்தச் சத்தம், அவசரப்படாத அந்த முகம். இரண்டாவது படத்தைக்கூட இது காப்பாற்றிவிட்டது. நாய் மட்டும் குப்பைதான், அதில் மாற்றமில்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. பழைய காட்சியை இப்போது புதிதாக எடுத்துச் சேர்த்தார்களா, இல்லை முன்பே இருந்ததா? படம் முடிந்ததும் மாடியேறி ஆபரேட்டரிடம் போனேன். அதே மனிதர்தான், கண்ணாடி போட்டிருந்தார். எந்தப் படம், எந்த ஞாயிறு என்று விளக்கினேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க டீச்சரம்மா. அப்பல்லாம் ஒரே பிரிண்டு, ரெண்டு கொட்டா. பூந்தமல்லில ஓட்டி முட்ச்சி ரீலு ரீலா ஸ்கூட்டர்ல இங்க வரும். அன்னிக்கி குமணன்சாவடியாண்ட வண்டி பஞ்சரு. பொட்டி வர்ல. ஜனம் கத்த ஆரமிச்சா ஸ்க்ரீனக் கிழிச்சிடுவானுங்க. பின்னால கெளம்பின இன்னொரு வண்டில அடுத்த ரீலு வந்துடிச்சி, அத்த மாட்டிட்டேன்."

"அந்த ரீல் அப்புறம் வந்ததா?"

"ஓ, மத்தியானக் காட்சிக்கே வந்திச்சி. அப்பால நாலு நாளும் முழுசா ஓடிச்சி." சற்று யோசித்துவிட்டு, "ஒர்த்தர்கூட வந்து கேக்கல. படம் சரியில்லன்னு நெனச்சிகினு பூட்டாங்க. நீங்க எப்டி கண்டுபுட்ச்சீங்க?" என்றார்.

"நான் இல்லை. எங்க அண்ணி அன்றைக்கே கண்டுபிடிச்சாங்க. கைத்தையலை வைத்து."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கில்லாடிம்மா அவுங்க. ஒரு நாள் இட்டுகினு வாங்க" என்றார். நான் கைகூப்பிவிட்டுப் படியிறங்கினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் போயிருந்தால் போதும். உங்கள் பக்கத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த ரீல் நமக்காக அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அப்போது என் முழங்கையை எப்படி அழுத்தியிருப்பீர்கள்? 'பாத்தியா' என்று கேட்டிருப்பீர்களா, கேட்காமலே விட்டிருப்பீர்களா? அந்த வருடங்களில் என்னிடம் கேட்காமலே விட்ட கேள்விகள் எத்தனை அண்ணி?

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "நானும்தானே சிரிச்சேன்" என்றார். இன்று காலையில் நான் கூப்பிடாமலே சட்டை மாட்டிக்கொண்டு, அந்தப் படம் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்றார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அன்று நம் வீட்டில் சாப்பிட்டவர்களில் அம்பத்தூருக்கு இரண்டு குடும்பமும் காட்டுப்பாக்கத்துக்கு ஒரு குடும்பமும் மாறிப் போய்விட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், அண்ணி சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வருவேன். எந்தப் படம், எந்தத் தையல் என்று அவர்கள் மறந்திருப்பார்கள். முதலிலிருந்து சொல்வேன். எனக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறதே. இனிமேல் யார் கேட்டாலும், எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் ஒருவர் "நான் பார்த்தேன்" என்று சொல்லி, உங்கள் கண்ணுக்கு அது படவில்லை என்றால், மறுத்துப் பேசாமல் அவரோடு போய் இன்னொரு முறை பாருங்கள். மறுநாளே போங்கள்.

உங்கள் கண்ணை நம்பாமல் போன,
உங்கள் நாத்தனார்
வசந்தா